பதினேழாவது கேள்வி

அக்டோபர் 9, திங்கள்

மறுபடியும் எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவளுக்கு, சாப்பிட்டுவிட்டு எழுதுகிற வேலை.

தங்கை லூசியின் மகனோடு படித்த பிரணவ் பெங்களூரில் ஒரு நிறுவனம் நடத்துகிறான். உணவகங்களுக்கு யாருக்கும் தெரியாமல் ஆள் அனுப்பிச் சாப்பிட வைத்து, எப்படிக் கவனித்தார்கள் என்று அறிக்கை வாங்கி முதலாளியிடம் கொடுப்பது அவர்கள் தொழில். எங்கள் குருசுக்குப்பத்தில், என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த அரிசிக் கிடங்கை இப்போது 'பன்னிரண்டு ஜன்னல்' என்று உணவகமாக மாற்றியிருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குக் காப்பியில் தொடங்கி இரவு பதினொன்றுக்கு மதுவில் முடிகிற இடம். முதலாளி சென்னையில் இருக்கிறார். வாரம் இரண்டு முறை நான் போக வேண்டும்.

"ஆன்ட்டி, உங்கமேல யாருக்கும் சந்தேகமே வராது. தனியா வர்ற வயசானவங்கள யாரும் கவனிக்கறதில்ல. அதான் எங்களுக்கு வேணும்" என்றான் பிரணவ்.

பாராட்டாகத்தான் சொன்னான்.

காஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

அக்டோபர் 11, புதன்

முதல் நாள். மதியம் ஒன்றரை மணிக்குப் போனேன். கிடங்கின் பழைய மரத்தூண்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். மூட்டை இறக்கிய இடத்தில் இப்போது பச்சைத் துணி போட்ட நாற்காலிகள். உட்சுவர் ஓரமாக நீளமான மதுக்கூடம், அதற்குப் பின்னால் கண்ணாடி. கண்ணாடியில் பார்த்தால் தன்னந்தனியாக ஒரு பெண் மஞ்சள் கைப்பையோடு நிற்கிறாள். நான்தான்.

"ஒருத்தர்தானா மேடம்?"

"ஒருத்தர்தான்."

பரிமாற வந்தவளின் சட்டையில் 'நாயகி' என்ற வில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். நாலு பேர் மேசையில் என்னை உட்கார வைத்து, மற்ற மூன்று தட்டுகளையும் எடுத்துப் போனாள். பல இடங்களில் அதைக் கலகலவென்று எடுப்பார்கள். இவள் சத்தமே வராமல் எடுத்தாள். அறிக்கையில் அதை எழுத இடமில்லை.

வறுத்த வவ்வால் மீன், எலுமிச்சைச் சோறு, பூசணி சூப். சூப் ஏழு நிமிடத்தில் வந்தது.

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். தண்ணீர் எத்தனை நிமிடத்தில் வந்தது, சிரித்தார்களா, கழிவறையில் சோப்பு இருந்ததா என்று போகிறது. பதினேழாவது கேள்வி: 'ஊழியர் யாரேனும் விருந்தினர் இருக்கையில் அமர்ந்திருந்தாரா? ஆம் எனில் நேரம் குறிப்பிடவும்.' இல்லை என்று எழுதினேன்.

கேட்டதை மட்டும் எழுதிப் பழகிய கை இது. சாட்சி கூண்டில் நின்று அழுதால்கூட, 'சாட்சி அழுகிறார்' என்று நீதிபதி சொன்னால்தான் நான் அடிப்பேன்.

அக்டோபர் 13, வெள்ளி

மதுக்கூடத்தையும் சோதிக்க வேண்டுமாம். மாலை நாலு மணிக்குப் போய் ஒரு கோப்பை வெள்ளை வைன் கேட்டேன். மது கலக்குகிற பையனாக ஒருவன் இருப்பான் என்று நினைத்தால், ரொசாரியோ என்று ஐம்பது வயதுக்காரர். எந்த மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவள் என்று விசாரித்தார். சொன்னேன். அவருடைய பெரியம்மாவை எனக்குத் தெரிந்திருந்தது.

பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து குடிக்கிறாளே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரணவ் சொன்னது சரிதான்.

அக்டோபர் 19, வியாழன்

இந்த வாரத்துக்கு இரண்டு முறை முடிந்துவிட்டது. இருந்தாலும் மூன்றாவது முறையும் போனேன். மதிய நேர ஊழியர்களை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்பதால்.

"நேத்து வருவீங்கன்னு பாத்தேன் மேடம்" என்றாள் நாயகி.

"நேத்து துணி துவைச்சேன்."

"மழையில எங்க காயும்?"

"ஹாலுக்குள்ள கொடி கட்டியிருக்கேன்."

"நானும் அப்டித்தான். எங்கூட்டுல தலைய நிமித்தினா ஈரப்பாவாட இடிக்கும்."

இதையெல்லாம் அறிக்கையில் 'ஊழியர் இனிமையாகப் பேசினார்' என்று ஒரே வரியில் முடித்தேன்.

அக்டோபர் 25, புதன்

மூன்றரை மணிக்கு மேல் அங்கே ஆள் இருக்காது. மேலாளர் நிதின் அந்த நேரத்தில்தான் வெளியே போவார். நாயகி என் மேசை அருகே ஒரு காலில் நின்று, மறு காலை அதன்மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். கால்சட்டையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தது.

"பதினோரு மணி நேரம் நிக்கறேன் இல்ல, அதான்."

"உக்காரு."

"ஐயோ, உக்காரக் கூடாது மேடம்."

"யாரும் இல்லியே. நான் சொல்றேன், உக்காரு."

வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். அரியாங்குப்பத்தில் வீடு. முழுப்பெயர் தையல்நாயகி. மகள் மூன்றாவது படிக்கிறாள். புருஷனைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினேழாவது கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். உட்காரச் சொன்னது நான். ஊழியர் தானாக உட்கார்ந்தாரா என்பதுதான் கேள்வியின் பொருள்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். காலையிலேயே போய் அப்பா, அம்மா கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் நாலு தடவை அணைந்தது. பக்கத்துக் கல்லறைக்குப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து தங்களுக்குள் ஊற்றிக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வேண்டாம் என்றேன்.

நேரே பன்னிரண்டு ஜன்னலுக்குப் போய்க் காப்பி கேட்டேன். நாயகி என் புடவை ஓரத்து மெழுகைப் பார்த்து விசாரித்தாள். சொன்னேன்.

"எனக்கும் அங்கயே இடம் வாங்கி வச்சிருக்கு" என்றேன்.

"இப்பயே இன்னாத்துக்குக்கா அதெல்லாம்" என்றாள்.

அக்கா என்று லூசிக்குப் பிறகு யாரும் கூப்பிட்டதில்லை. லூசி பிரான்சில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள்.

நாயகி இன்றும் உட்கார்ந்தாள். இல்லை என்று எழுதினேன்.

நவம்பர் 7, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் நாளைக்கு வருவானாம்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நாயகிக்கு விடுமுறை. தெரிந்துதான் போனேன், விடுமுறை நாளில் சேவை எப்படி இருக்கிறது என்று பார்க்க. புதிதாக ஒருவன் பரிமாறினான். சூப் ஆறியிருந்தது. மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

திரும்பும் வழியெல்லாம் வெடிச் சத்தம்.

நவம்பர் 14, செவ்வாய்

மருந்துக் கடைக்குப் போனேன். நரம்பு சுருண்டவர்கள் போட்டுக்கொள்கிற இறுக்கமான காலுறை இருக்கிறது. ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரர் கணுக்கால் சுற்றளவு கேட்டார். இரண்டு கையாலும் வளையம் செய்து இவ்வளவு இருக்கும் என்று காட்டினேன்.

"யாருக்கு, உங்களுக்கா?"

"எங்க வீட்டுல ஒருத்தருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. விளக்கிச் சொல்ல நேரமாகும் என்பதால் இருக்கலாம்.

நவம்பர் 15, புதன்

நான் உள்ளே நுழைந்தபோது மணி 3.42. ஜன்னலோர வட்ட மேசையில் ஒரு பெண்மணி. சில நாட்களாக வருகிறவர். சென்னையிலிருந்து வந்து கடற்கரைப் பக்கம் அடுக்ககம் வாங்கியிருக்கும் ஓய்வு பெற்ற டாக்டர், பெயர் ஹேமலதா. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். சத்தமாகச் சிரிப்பார்.

அவருக்கு எதிரில் நாயகி உட்கார்ந்திருந்தாள். நுனியில் இல்லை, நன்றாகச் சாய்ந்து. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடித்து வைத்திருந்தாள். டாக்டர் எதையோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள். எழுந்து வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. நான் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அந்த மேசை வேறொருவன் பொறுப்பு. எலுமிச்சைத் தேநீர் குடித்தேன். 3.51க்கு அவள் எழுந்தாள். என் மேசைக்கு அவள் வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். காலுறைப் பொட்டலம் பையிலேயே இருந்தது.

பதினேழாவது கேள்வி: ஆம். பணியாளர் நாயகி, விருந்தினர் இருக்கையில், காலணி இன்றி, 3.42 முதல் 3.51 வரை.

கண்ணால் பார்த்ததை எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை.

நவம்பர் 16, வியாழன்

அரிசி புடைத்தேன். அலமாரிகளைத் துடைத்தேன். பழைய தட்டச்சு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன்.

நவம்பர் 18, சனி

போனேன். நாயகி வழக்கம்போல வந்து தண்ணீர் ஊற்றினாள்.

"அன்னிக்கி சொல்லாம கொள்ளாமப் போய்ட்டீங்க. ஒடம்பு சரியில்லியாக்கா?"

"வேலை இருந்தது."

"மூஞ்சி ஒரு மாரி இருந்துச்சு. ராவெல்லாம் நெனச்சிகினே இருந்தேன்."

அறிக்கை புதன்கிழமையே போய்விட்டது. அனுப்பியதைத் திரும்பப் பெற முடியுமா என்று பிரணவைக் கேட்க நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 22, புதன்

நாயகி இல்லை. விடுமுறையா என்று பரிமாறியவனிடம் கேட்டேன். "நின்னுட்டாங்க மேடம்" என்றான். மீனைத் தொட முடியவில்லை. எழுந்து போய் ரொசாரியோ முன்னால் நின்றேன். அவர் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"சென்னையிலேர்ந்து ரிப்போர்ட்டு வந்துச்சு. எல்லாரையும் நிக்க வச்சி மேனேஜர் படிச்சாரு. செருப்பு இல்லாம, மூணு நாப்பத்திரண்டுலேர்ந்து மூணு அம்பத்தொண்ணு வரைக்கும்னு. ஒம்போது நிமிஷம். அதுக்குப் போயி அன்னிக்கே அனுப்பிட்டாங்க."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சட்டைய மாத்திகினு போச்சு."

நான் எழுதிய வாக்கியம் வேறொருவர் வாயில் அப்படியே வந்தது. நீதிமன்றத்தில் என் தட்டச்சை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் பிழை இல்லையே என்று நிம்மதியாக இருக்கும்.

நவம்பர் 23, வியாழன்

பிரணவுக்குப் போன் செய்தேன்.

"ஆன்ட்டி, க்ளையன்ட் ரொம்ப சந்தோஷம். அந்த டீடெயில் இருக்கே, அப்படி எழுத எங்கக்கிட்ட ஆளே இல்ல."

"அதுக்கு முன்னால ஏழு தடவை அவ என் மேசையில உக்காந்திருக்கா. நான்தான் உக்காரச் சொன்னேன். ஏழு தடவையும் இல்லைன்னு எழுதியிருக்கேன்."



"அத இப்ப எதுக்கு ஆன்ட்டி. விட்டுடுங்க."

விடவில்லை. தேதியும் நேரமும் போட்டு, ஏழு முறைக்கும் நானே பொறுப்பு, என் நவம்பர் 15 அறிக்கையை நம்ப வேண்டாம் என்று தட்டச்சு செய்து அவனுக்கும் முதலாளிக்கும் அனுப்பினேன்.

நவம்பர் 24, வெள்ளி

பிரணவிடமிருந்து இரண்டு வரி. இனி என்னைப் பயன்படுத்த முடியாதாம். ஊழியர் விஷயத்தில் முடிவு எடுத்தது எடுத்ததுதானாம்.

மீன்காரி காசம்மாள் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலுறையை எடுத்து வந்து கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. மீனுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். வற்புறுத்திக் கொடுத்தேன்.

டிசம்பர் 1, வெள்ளி

ரொசாரியோதான் விசாரித்துச் சொன்னார். கோரிமேட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் நாயகி சேர்ந்திருக்கிறாள். மழையில் பஸ் பிடித்துப் போனேன். கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை. பொட்டலத்தோடு போனால் மன்னிப்பை விலைக்குக் கேட்பதுபோல் இருக்கும்.

தகரக்கூரை போட்ட இடம். ஈரக்குடைகள், தூக்குவாளிகள், மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிற ஆட்கள். நாயகி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

மேடம் என்றாள்.

"யாருக்கும் இல்ல. உன்னைப் பாக்க வந்தேன்."

கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக வந்தாள்.

"அந்த அறிக்கைய எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"நீங்க வந்த ரெண்டாவது வாரமே. தட்டு வந்ததும் மணி பாப்பீங்க. கை கழுவப் போயி நோட்டுல எழுதிகினு வருவீங்க. மேனேஜரு சொன்னாரு, இவங்கதான் அந்த ஆளு, நல்லா பாத்துக்கன்னு. ஒங்க மேசைய எனக்குக் குடுத்ததே அதுக்குத்தான்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"அப்ப அவ்வளவும் அதுக்குத்தானா?"

"மொதல்ல அதுக்குத்தான்." யோசித்துச் சொன்னாள். "நீங்க உக்காருன்னு சொன்ன அன்னிக்கி பயந்துகினேதான் உக்காந்தேன். எழுதிடுவீங்களோன்னு. நீங்க எழுதல. அடுத்த வாட்டியும் எழுதல. அப்பறம் அந்த நெனப்பே உட்டுப் போச்சு. வரலன்னா தேட ஆரம்பிச்சிட்டேன்."

உள்ளே வந்த ஒருவருக்கு வழிவிட்டு, மறுபடி பேசினாள்.

"அன்னிக்கி டாக்டரம்மா காலப் பாக்கறேன் உக்காருன்னாங்க. வாசல்ல யாரோ வர்றாங்கன்னு எந்திரிக்கப் போனேன். பாத்தா நீங்க. அக்காதான, இருக்கட்டும்னு அப்டியே சாஞ்சிட்டேன்."

நனைந்திருந்த புடவை ஓரத்தைப் பிழிந்தேன்.

"ஏன்க்கா எழுதுனீங்க?"

விதி அப்படி இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் வாயில் வேறு வந்தது.

"நீ அவங்களோட சிரிச்சிகிட்டு இருந்தே."

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. அறுபது வயதுக்காரி சொல்கிற காரணமா இது. நாயகி என்னையே பார்த்தாள். கோபமா, இரக்கமா என்று படிக்க எனக்குத் தெரியவில்லை. அதற்குள் யாரோ இரண்டு டீ கேட்டார்கள். போய்விட்டாள்.

அரை மணி நேரம் நின்றேன். அவள் திரும்பி வரவில்லை. வந்துவிட்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று வரிசையில் நின்று, பிறகு விலகினேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவளிடம் சொல்லியாகிவிட்டது.

லூசி போனில் கேட்டாள், அந்த ஓட்டல் வேலை எப்படிப் போகிறது என்று. முடிந்துவிட்டது என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளிடமும் முழுதாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, நீ ஏன் எங்கிட்ட ஒரு தடவகூட தனியா இருக்குன்னு சொன்னதில்ல?" என்றாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது. அவள் திரும்பக் கூப்பிட்டாள். வேறு பேசினோம்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஓயாத மழை. ஹால் கொடியில் துணி நாலு நாளாகக் காயவில்லை.

டிசம்பர் 7, வியாழன்

பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கப் போக வேண்டியவள், நிறுத்தத்தில் நின்று கோரிமேட்டு பஸ்ஸில் ஏறினேன்.

மதியம். கேன்டீனில் ஒரு சாப்பாடு வாங்கி உட்கார்ந்தேன். நாயகி தூரத்திலிருந்து பார்த்தாள். வரவில்லை. ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேசையைத் துடைக்க வந்தாள்.

"இங்க சும்மா சாப்புட யாரும் வரமாட்டாங்க. எல்லாருக்கும் மேல வார்டுல யாராச்சும் இருப்பாங்க" என்றாள்.

"எனக்கு யாரும் இல்ல."

துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தூக்குவாளியோடு வந்தாள்.

"நாலாவது மாடி, பெண்கள் வார்டு, ஒம்போதாம் நம்பர். திண்டிவனத்து அம்மா. இடுப்பு ஒடஞ்சி கெடக்குது, கூட ஆளில்ல. கஞ்சி. நான் இத உட்டுட்டு மேல போக முடியாது. நீங்க குடுத்துட்டு வர்றீங்களா?"

எழுந்து வாங்கிக்கொண்டேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். வார்டு வாசலில் நர்ஸ் மறித்து, யார் நீங்க, சொந்தமா என்று கேட்டாள். கேன்டீனிலிருந்து நாயகி அனுப்பினாள் என்றேன். உள்ளே விட்டாள்.

அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். என்னை யார் என்று கேட்கவில்லை. வாயைத் திறந்தாள். ஸ்பூனில் எடுத்து ஊதி ஊதிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு, "உப்பு கம்மி" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

காலி வாளியைக் கழுவிக்கொண்டு இறங்கினேன். கூட்டம் சேர்ந்திருந்தது. நாயகி என் முகத்தைப் பார்க்காமல் வாளியை வாங்கி உள்ளே வைத்தாள்.

"உப்பு கம்மின்னாங்க" என்றேன்.

"அவங்களுக்கு அவ்ளோதான் போடணும்னு டாக்டரு சொல்லிகிறாரு." அடுத்த ஆளுக்குத் தேநீர் ஊற்றினாள். "நாளிக்கி பதினொண்ணரைக்கே வந்துடுங்க. அவங்களுக்குப் பசி தாங்காது."